சம்மணம் போட முடியாத கால்

ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தே காலம் தள்ளியவன் நான். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் முன்னால் சேலையை உதறி விரிக்க வேண்டும். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் முகம் கோணாமல் மடித்து வைத்துவிட்டு அடுத்ததை விரிக்க வேண்டும். வாடிக்கைக்காரர் முன்னால் காலை நீட்டக் கூடாது என்பது முதலாளி சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அப்படிப்பட்டவனுக்கு வர வேண்டிய நோயா இது என்று சாமியிடம் பல நாள் சண்டை போட்டிருக்கிறேன். நெஞ்சிலோ வயிற்றிலோ வந்திருந்தால் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழமாவது வாங்கி வருவார்கள். எனக்கு வலது கால் பெருவிரலின் மூட்டில் வந்தது.

முதல் தடவை வந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. விடிந்து எழுந்து காலைத் தரையில் வைத்தேன். அடுப்பிலிருந்து கங்கு எதுவும் தெறித்து வந்து கிடக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். கங்கு இல்லை. பெருவிரல் மூட்டுதான் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து மினுமினுத்தது. ஈ உட்கார்ந்தாலும் வலித்தது. வேட்டி ஓரம் உரசினாலும் உயிர் போனது. என் மனைவி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கப் போய், நான் போட்ட கூச்சலில் இலையை அடுப்பிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டர் இருந்தார். காலைப் பார்த்ததுமே கேட்டார்: "கறியா, கள்ளா?"

"எப்பவாச்சும் உண்டுங்க."

"எது?"

"ரெண்டும்" என்றேன்.

அதற்குப் பெயர் கவுட் என்றார். ரத்தத்தில் ஒரு உப்பு கூடிப் போய் மூட்டில் படிகிறதாம். ஈரல், குடல், மூளை எதையும் தொடாதே, கள்ளை நினைக்காதே, தண்ணீரைக் குடம் குடமாகக் குடி என்று சொல்லி, ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. வலியைக் குறைத்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வயிற்றைக் கலக்கிக் கொல்லைப்புறத்துக்கு நடையாய் நடக்க வைத்தது. நடக்க முடியாத மனிதனுக்குக் கொடுக்கிற மருந்தா அது!

அந்த நாட்களில் என்னோடு குடித்தனம் நடத்தியதற்கு என் மனைவிக்குத் தனியாகக் கோயில் கட்ட வேண்டும். வலி வந்துவிட்டால் வீட்டில் யாரும் வேகமாக நடக்கக் கூடாது. தரை அதிர்வது என் விரலில் தெரிகிறது என்று கத்துவேன். குழம்பில் உப்பு கூடினாலும் கத்துவேன், குறைந்தாலும் கத்துவேன், சரியாக இருந்தால் அதற்கும் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். போர்வை பட்டால் துடிக்கிறேன் என்று அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். கொல்லையில் கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரத்தைக் கழுவிக் கொண்டு வந்து என் காலுக்கு மேலே கவிழ்த்து, அதன் மேல் போர்வையைப் போட்டாள். கோழி வெளியே, என் கால் உள்ளே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு முறைத்தேன்.

கடையில் கேட்டவர்களிடம் காலில் அம்மிக்கல் விழுந்துவிட்டது என்றேன். ஒரே வருஷத்தில் மூன்று தடவை, அதுவும் ஒரே காலில் அம்மிக்கல் விழுகிற வீடு மதுரையில் என்னுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மறைத்ததற்குக் காரணம் கடை இல்லை. என் தங்கையின் புருஷன்.

தங்கையைத் திருவாதவூரில் ஒரு சம்சாரி வீட்டில் கொடுத்திருந்தோம். நல்ல வயல், நல்ல மனிதர். கள் மட்டும் அளவு தெரியாமல் குடிப்பார். கல்யாணமான இரண்டாம் வருஷம் தங்கை அழுதுகொண்டு வந்து நின்றாள். நான் வண்டி கட்டிக்கொண்டு போய், அவருடைய பங்காளிகள் அத்தனை பேரையும் கூட்டி வைத்து, கண்மாய்க்கரையில் இருக்கிற அவர்கள் குலசாமி கோயிலில் அவரை நிறுத்தி வைத்துப் பேசினேன். எனக்கு அப்போது வாய் நீளம். "ஒங்க வீட்ல ஆம்பளைக்குக் கலயந்தான் அடையாளமா மாப்ள?" என்றுகூடக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு அவர் கள்ளைத் தொடவில்லை. நான்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் வசதியான சம்சாரி ஒருவருக்கும் இதே கால் நோய் இருந்தது. அவர் நொண்டிக்கொண்டு தெருவில் வந்தால், "நேத்து எம்புட்டுக் கலயம்ணே?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். ஆகையால் என் காலை அந்த ஊர்க்காரர் எவரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று வயதில் காது குத்த நாள் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, ஆசாரி குத்துவார். அப்பன் மடி ஆகாது, தாத்தா மடி ஆகாது. தாய்மாமன் வராமல் காது குத்து நடந்தது என்றால் அந்த உறவு முறிந்தது என்று அர்த்தம். தங்கைக்கு அண்ணன் தம்பி என்று நான் ஒருவன்தான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் பிள்ளைக்குப் பாவாடைத் துணியும் வளையலும் வாங்கிக்கொண்டு கோரிப்பாளையம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பாய் கடையில் மிளகு போட்டு ஈரல் வறுப்பார்கள். வாசனை வைகைப் பாலத்திலேயே வந்து கையைப் பிடித்து இழுக்கும். அந்த வருஷம் முழுவதும் ஒழுங்காக இருந்தவன் போல எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டேன். ஒரு தட்டு, பிறகு இன்னொரு தட்டு. பாய், "போதும்ணே, ஜாஸ்தி ஆயிடும்" என்று சிரித்தார். அங்கிருந்து வரும் வழியில் கள்ளுக்கடை. நாளைக்கு அந்த ஊரில் போய் உத்தமனாக இருக்க வேண்டுமே, இன்றைக்குக் குடித்தால்தான் உண்டு என்று நினைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

விடியும்போது கால் வலி வந்துவிட்டது. மனைவி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"சொல்லிருவோங்க. காலு முடியலன்னா யாரு என்ன சொல்லப் போறாக? வேற நாள் பாத்துக்கிருவாக."

"வாய மூடிக்கிட்டு வண்டிய வரச் சொல்லு" என்றேன்.

ஒத்தக்கடை வரை பஸ்ஸிலும், அதற்கு மேல் மாட்டு வண்டியிலும் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை விவரிக்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தேன். அதே குலசாமி கோயிலில் இறங்கும்போது வேட்டியைத் தழையத் தழைய இறக்கிக் கட்டிக்கொண்டு, நேராக நடந்தேன். கண்ணில் நீர் வந்தது. பிள்ளையைப் பார்த்த சந்தோஷம் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். "எங்கண்ணே அழுகுது பாருங்க" என்று புருஷனிடம் காட்டினாள்.

சம்மணம் போட்டேன். வலது காலை மடக்கி இடது தொடைக்குக் கீழே செருகியபோது உச்சந்தலை வரைக்கும் ஒரு வெட்டு வெட்டியது. விரலை வேட்டிக்குள் மறைத்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்த தலை, மஞ்சள் பாவாடை, கையில் அச்சு வெல்லம். காது குத்த வந்தவர் உள்ளூர் ஆசாரி. சுற்று வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் காது அவர் குத்தியதுதான். கைராசிக்காரர் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். குத்துவதும் தெரியாது, கம்பி வளைவதும் தெரியாது என்பார்கள்.

வலது காதில் அப்படித்தான் ஆயிற்று. பிள்ளை ஒரு நொடி திகைத்துவிட்டுப் பிறகுதான் அழுதது.

"இப்பதாங்கய்யா சூதானமா இருக்கணும். ரெண்டாவது காதுக்கு ஒதைக்கும். இறுக்கிப் புடிச்சுக்கங்க" என்றார் ஆசாரி.

இடது காதில் கம்பி ஏறியது. பிள்ளை காலை உதறியது. அந்தச் சின்னக் குதிகால், சரியாக என் பெருவிரலின் மேல் இறங்கியது.

அதற்கு மேல் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, என் கால் செய்தது என்று சொல்வதா? காலை வெடுக்கென்று இழுத்தேன். மடி சரிந்தது. பிள்ளை பக்கவாட்டில் உருண்டது. கம்பியின் ஒரு முனை காதில், மறுமுனை ஆசாரி விரலில். காது மடல் கீழே வரைக்கும் கிழிந்தது.

தங்கை போட்ட அலறலில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஆசாரியைத்தான் பார்த்தார்கள். ரத்தம் பட்ட கம்பி அவர் கையில் அல்லவா இருந்தது? தாய்மாமன் மடியை யார் பார்ப்பார்கள்? என் மாப்பிள்ளை பாய்ந்து வந்து ஆசாரியை ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

"புள்ள துள்ளிருச்சுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே ஆசாரி என் பக்கம் திரும்பினார். "அய்யா, நீங்க சொல்லுங்கய்யா. மடியில வச்சிருந்தது நீங்கதான?"

அவர் என்மேல் பழி போடவில்லை. சாட்சிக்குத்தான் கூப்பிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலைக் காட்டக்கூட வேண்டியதில்லை, ஆமாம், துள்ளிவிட்டது என்று சொல்லியிருந்தாலே போதும். ஆனால் பிள்ளை துள்ளியது என்றால், பிடித்தவன் ஏன் விட்டான் என்று கேட்பார்கள். கேட்டால் காலைப் பார்ப்பார்கள். காலைப் பார்த்தால் மாப்பிள்ளைக்குத் தெரியும்.

"ஒழுங்காப் புடிச்சுக் குத்த வேணாமா ஆசாரி?" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது.

அதன் பிறகு அந்த வட்டாரத்தில் அவரைக் காது குத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. கைராசி போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் போதும், அதை விசாரிக்கப் பஞ்சாயத்து எதுவும் கிடையாது. தாலிக்குப் பொன் உருக்கவும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வருஷம் திரும்புவதற்குள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார் என்று தங்கைதான் சொன்னாள். "போகட்டும், சண்டாளப் பய" என்றும் சொன்னாள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார் அல்லவா.

பிள்ளையின் காதைத் தைக்கலாம் என்றார்கள். அது காதருகில் யாரையும் விடவில்லை. யார் கை வந்தாலும் வீறிட்டது. அப்படியே இரண்டாகப் பிளந்து ஆறிப்போனது. பள்ளிக்கூடத்தில் மூளி என்று கூப்பிட்டார்கள். வளர்ந்த பிறகு இடது பக்கம் முடியைத் தழைய விட்டுக் காதை மறைத்து வாரிக்கொள்வாள். கடைக்கு வரும்போதெல்லாம் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். "மாமா மாதிரி யாரும் இல்ல" என்பாள். அப்போதெல்லாம் எனக்கு விரலில் வலி இருக்காது, வேறு எங்கோ இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு இடத்தில், காது அறுந்தது குடும்பத்துக்கு ஆகாது என்று எழுந்து போனார்கள். மூன்றாவது இடம் அமைந்தது. யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் கார்டு இருந்த சமயம். முகூர்த்தச் சேலைக்கு நான் முதலாளி காலில் விழாத குறை.

இந்தப் பதினைந்து வருஷத்தில் கவுட் என்னோடு சம்பந்தி மாதிரி பழகியிருந்தது. சொல்லாமல் வரும், இஷ்டப்பட்டபோது போகும். கள்ளையும் ஈரலையும் நிஜமாகவே விட்டுவிட்டேன். விட்ட பிறகும் வந்தது. கடையில் என்னை மெத்தையிலிருந்து எழுப்பி, வாசல் பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், சேலை எடுக்க வந்த திருவாதவூர்க்காரர் ஒருவர், பழைய ஆசாரி பழங்காநத்தத்தில் இருக்கிறார் என்றார். பாத்திரத்துக்கு ஈயம் பூசிக்கொண்டும், அறுந்த சங்கிலியைப் பற்றவைத்துக்கொண்டும் பிழைக்கிறாராம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. போய் உண்மையைச் சொல்லிவிடுவது, அவரையே கல்யாணத்துக்குக் கூட்டிப் போய் எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சந்துக்குள் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் ஊதுகுழலும் கையுமாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நானே வரணும்னுதாங்கய்யா இருந்தேன். பாப்பாவுக்குக் கல்யாணமாமே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? அன்னிக்குப் புள்ள துள்ளிருச்சுன்னு வாய் கூசாமச் சொல்லிப்புட்டேன். ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்தேன். அய்யா கல்லு மாதிரி உக்காந்து புடிச்சிருந்தீக. புள்ள எப்புடித் துள்ளும்? என் கைதாங்கய்யா நழுவிருச்சு. அய்யா பேர்ல பழி வார மாதிரிப் பேசிட்டேன். மன்னிச்சிரணும்."

பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு ஜோடிக் கம்மல். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. பூ இதழ் அகலமாக, காது மடல் முழுவதையும் மூடுகிற மாதிரி இருந்தது. பின்பக்கம் மெல்லிய கொக்கி ஒன்று காதுக்கு மேலே சுற்றிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஓட்டையே தேவையில்லை, பிளந்ததும் வெளியே தெரியாது. எத்தனையோ தடவை செய்து அழித்துச் செய்தாராம்.

"நான் செஞ்சதுன்னு சொல்லிராதீக. ராசியில்லாத கைன்னு போட மாட்டாக. அய்யா குடுத்ததாவே இருக்கட்டும்."

கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை. அவரை ஆறுதல்படுத்தினால் போதும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை, பயந்தேன்.

"விடு ஆசாரி. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்தன்று கால் மறுபடி வீங்கியிருந்தது. என் பெயரில் கொடுத்த கம்மலைப் போட்டுக்கொண்டு பெண் பந்தலில் வந்து நின்றாள். தலையை இறுக்கிப் பின்னி, இரண்டு காதும் தெரிய. தாய்மாமனுடைய மூளையைப் பாரு என்று பந்தல் முழுக்கப் பேச்சு. தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் என் காலில் விழுந்தார்கள். அவள் அன்போடு இரண்டு கையாலும் என் பாதத்தை அழுத்திப் பிடித்து, நெற்றியை வைத்தாள். நெற்றி விரல் மூட்டின் மேலேயே பட்டது. கம்மல் உரசியது. நான் காலை அசைக்கவில்லை. அவள் எழுந்திருக்கும் வரை அப்படியே நின்று அட்சதை போட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது, தாங்க முடிகிற வலிதான் அது. அன்றைக்கும் தாங்கியிருக்கலாம்.

பந்தி முடிந்து ஓய்ந்த நேரத்தில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். தங்கை வந்தவள் பார்த்துவிட்டாள். "என்னண்ணே, காலு இப்புடி வீங்கிக் கெடக்கு?" என்று கீழே உட்கார்ந்தாள். சொல்லிவிட்டேன். ஈரல், கள், குதிகால், நான் ஆசாரியிடம் கேட்ட கேள்வி, கம்மல், எல்லாவற்றையும்.

"காலு நோவுதுன்னு சொல்லிருந்தா வென்னி வச்சுக் குடுத்திருப்பேனே அண்ணே" என்றாள். பிறகு, "ஆசாரிகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லிருக்கேன்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுவீடெல்லாம் முடிந்து எட்டு நாள் கழித்து, தங்கையும் அவள் புருஷனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு பழங்காநத்தம் போனார்கள். தெற்கு வாசலில் என் வீட்டைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். வாசலில் நின்றிருந்தேன். தங்கை புருஷன் தலையை மட்டும் அசைத்தார். வண்டி நிற்கவில்லை.

"கால் முடியாதவன எப்புடிக் கூப்புடுவாக" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டிலில் கவிழ்ந்து கிடந்த பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கோழியை மூடினாள்.